வழக்கம்போல

வியாழன் இரவு எட்டு மணிக்கு
மான்டிவிடியோவின் ஒரு போச்சே கிளப்பின் பின்னறையில்
ஒன்பது பேர் கூடுகிறோம்.
கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்குப் பூட்டு கிடையாது.
திருடும்படி அதில் எதுவுமில்லை.
நடுவில் ஒரே மாத்தே குடுவை,
ஒரே உறிஞ்சியோடு கைமாறி வருகிறது.
வாழ்ந்த துணையோடு ஒரு மேசையில் உண்ண முடியாமல் போனவர்கள்
முன்பின் அறியாதவர் எச்சிலைக் கூசாமல் குடிக்கிறோம்.

ஐதே ஆளுக்கொரு தாள் தருகிறாள்.
அனுப்பத் துடிக்கும் செய்தியை
அனுப்பாமல் இதில் எழுதுங்கள் என்கிறாள்.
நான் எழுதினேன்:
'டார்டோ, வழக்கம்போல நீ தாமதம்.
வழக்கம்போல அவளுடைய கம்பளிச் சட்டை உன் வீட்டில்.
குளிரில் நடுங்கியது நானல்ல, உன் மகள்.'

பேருந்து ஓட்டும் தெல்மோ என் தாளை வாங்கி
பென்சிலால் அடிக்கத் தொடங்கினார்.
அவர் தாள் என் மடியில்.
அதிலும் மூன்று 'வழக்கம்போல',
ஒரு 'உன் அம்மாவைப் போலவே'.
அடுத்தவர் சண்டையில் பிழை திருத்துவது
எவ்வளவு சுலபம்!
என் தாளில் கடைசியாக மிஞ்சியது:
'சட்டை உன் வீட்டில். வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பு.'
மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதே என்றேன்.
இருக்கட்டும் என்றாள் ஐதே,
மளிகைச் சீட்டைக் காட்டி யாரும் வழக்குப் போட்டதில்லை.

வெட்டுப்பட்ட சொற்களை அங்கேயே விட்டுவர முடியவில்லை.
வீட்டுக்குக் கொண்டுவந்து
சமையலறையில் நின்று உரக்கச் சொன்னேன்,
ஒன்று விடாமல், ஏழு வருடத்தையும்.
ஃப்ரிட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மழைத்தூறல்.
அக்கரை தெரியாத ஆற்றின் ஓரம்,
தூண்டில்காரர்கள் வாளி கவிழ்த்து உட்காரும் இடம்.
ஆறு மணிக்கு அங்கேதான் மிலா கைமாறுவாள்.
நான் முன்னதாகவே வந்திருந்தேன்.
அதிசயம், அவனும்.
பொரித்த ரொட்டியைக் கடித்தவள்
அப்படியே நின்றாள்.
ரொட்டியில் பல்,
உதட்டில் கொஞ்சம் ரத்தம், நிறையச் சர்க்கரை.

'எலி எந்த வீட்டுக்கு வரும்?'

தலையணைக்கடியில் பல்லை எடுத்துக்கொண்டு
காசு வைத்துப் போகும் எலி.
அதற்காக நாங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை.
மணி ஐந்து ஐம்பது.
இன்னும் பத்து நிமிடம் அவன் நேரம்.
ஒப்பந்தப்படி அந்தப் பல் அவனுடையது.
சட்டை அன்றும் வரவில்லை.
நாக்கு நுனியில் அந்தச் சொல் தயாராக நின்றது.
என் வாய்க்குள் தெல்மோவின் பென்சில்
குறுக்கே விழுந்தது.

டார்டோ ஆற்றைப் பார்த்தான்.
பிறகு குனிந்து அவளிடம் சொன்னான்:
'இன்றிரவு எங்கே தூங்குகிறாயோ அங்கே.'
அவள் பல்லைக் காகிதத்தில் மடிக்கும்போது
அவள் முதுகுக்குப் பின்னால்
என் உள்ளங்கையில் ஒரு பத்துப் பேசோ நாணயம்.
சட்டைப்பைச் சூடு அதில் இன்னும் இருந்தது.
காதல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
இரண்டு பேர் சேர்ந்து செய்த சின்னக் கள்ளத்தனம், அவ்வளவுதான்.
அதைத் தனியாகச் செய்ய எனக்குப் பிடித்திருக்காது.

நள்ளிரவில் எழுதினேன்:
'எலி வந்து போனது. அவள் விழிக்கவில்லை.'
உடனே பதில் வந்தது:
'தலையணையை விடாமல் கட்டிக்கொண்டிருப்பாளே,
வழக்கம்போல?'
'ஆமாம், வழக்கம்போல.'
அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த வியாழன்
தொலைபேசியைத் தெல்மோவிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இருமுறை வாசித்தார்.
பென்சில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டு
குடுவையை என் பக்கம் தள்ளினார்.