நாற்பத்தொன்றாம் கேள்வி

மூன்றாம் முறை தரையை உயர்த்தியபின்
எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும்.
சன்னல் கணுக்கால் உயரத்தில்.
மின்விசிறியைக் கழற்றி விற்றுவிட்டோம்.
கூரைக்கும் எனக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தில்
சம்மணமிட்டுப் படிக்கிறேன்
அரசுப் பணித் தேர்வுக்கு.

பாடம் ஒன்பது. நிலைத்த வளர்ச்சி.
இனிப் பிறப்பவர் பங்கில் கைவைக்காமல்
இன்றிருப்பவர் பசியாறுவது.
தூண்கள் மூன்று: சூழல், சமூகம், பொருளாதாரம்.
மஞ்சள் மையால் கோடிட்டேன்.
பக்கத்தின் கீழ்விளிம்பு ஏற்கெனவே
உப்பில் ஊறி நெளிந்திருந்தது.

டெமாக் கரையில், ஊருக்குள் கடல் வருவதற்கு
எங்களிடம் ஒரு சின்னச் சொல் உண்டு: ரோப்.
"ரோப் வந்தாச்சா?" என்பாள்
அடுத்த வீட்டு சுமினி,
காய்கறி வண்டி வந்தாச்சா என்பதுபோல.
முழங்கால் வரை என்றால் பள்ளி உண்டு.
இடுப்பு வரை என்றால்
வாத்தியாருக்கும் விடுமுறை.
இறந்தவர்களைப் பார்க்கப்
படகில் போகிறோம்.
மீசான் கல்லின் நுனி தெரிந்தால்
துடுப்பை நிறுத்திப் பூ தூவுவோம்.
தெரியாவிட்டால் குத்துமதிப்பாக.

மாதிரித் தாளில் நாற்பத்தொன்றாம் கேள்வி:
கரையோர நிலம் ஆண்டுதோறும் தாழ்வதற்கு
முதன்மைக் காரணம்
அ) கடல் மட்ட உயர்வு
ஆ) பருவமழை
இ) நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சுதல்
ஈ) அலையாத்திக் காடுகளின் பெருக்கம்.

யோசிக்காமல் 'அ' போட்டேன்.
பிறந்ததிலிருந்து
கடலைத்தானே திட்டிவருகிறோம்.
விடைப் பட்டியலில் 'இ' என்றிருந்தது.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
அப்போது வீட்டுக்குப் பின்னால்
மோட்டார் ஓடத் தொடங்கியது.

அது எங்கள் ஆழ்துளைக் கிணறு.
நாற்பத்திரண்டு வீடுகளுக்கு நீலக் குழாய்.
மாதக் கடைசியில் அப்பா ஙாதிமின்
ஒவ்வொரு மீட்டராகப் பார்த்துக் குறிப்பார்:
இத்தனை அலகு, இத்தனை ரூபியா.
இந்தப் புத்தகம் அந்த நீர்.
விண்ணப்பத்தில் ஒட்டிய
சிவப்புப் பின்னணிப் புகைப்படம் அந்த நீர்.
சுமினி தன் தரையை உயர்த்த
நான்கு லாரி மண்ணுக்குத் தோட்டை விற்றாள்.
நாங்கள் விற்கவில்லை.
அவள் குடித்த நீரிலேயே உயர்த்திக்கொண்டோம்.

சாலைக்கு அப்பால் சாயத் துணி ஆலை,
அதையடுத்துப் பனிக்கட்டி ஆலை.
அவர்கள் இறக்கியிருப்பது தும்பிக்கை;
எங்களுடையது வெறும் உறிஞ்சுகுழல்.
இப்படி இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் பாடம் பன்னிரண்டு வந்தது:
கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்.
எவ்வளவு கெடுத்தவர் என்று
அதில் போடவில்லை.

அப்பாவிடம் பக்கத்தைக் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இரண்டு முறை படித்தார்.
"குழாயை மூடினால்
நாற்பத்திரண்டு வீடும் எதைக் குடிக்கும்?
அதற்கு எது விடை? ஆவா, ஈயா?"
போன மாதம்தான் குழாயை
இன்னும் இருபது மீட்டர் இறக்கியிருந்தார்.

செமாராங்கில் தேர்வு.
குளிரூட்டிய கூடம், நிமிர்ந்து நடக்கும்படி உயரமான கதவு.
நான் பழக்கத்தில் குனிந்தேன்;
காவலர் ஏதாவது தொலைந்ததா என்று கேட்டார்.
உள்ளே ஒவ்வொரு விடைக்கும்
வெளியே பெரிய திரையில் எண் ஏறும்.
பெற்றவர்கள் அண்ணாந்து நிற்பார்கள்.

அந்தக் கேள்வி வந்தது.
விடைகளை மட்டும் இடம் மாற்றியிருந்தார்கள்.
உறிஞ்சுதல் இப்போது முதல் வரிசையில்.
சுட்டியின் மேல் விரல் சற்று நின்றது.
பிறகு அழுத்தினேன்.
என் பெயருக்கு எதிரே ஐந்து கூடியபோது
வெளியே அப்பா கைதட்டினாராம்,
பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்குமளவுக்கு.
எந்தக் கேள்விக்கு என்று
அவருக்குத் தெரியாது.
நான் சொல்லவுமில்லை.

மறுநாள் மாதக் கடைசி.
அப்பாவுக்கு முழங்கால் வலி; நோட்டோடு நான் போனேன்.
சுமினி வீட்டு மீட்டரில் பத்தொன்பது அலகு.
தண்ணீரில் நின்றபடியே
சில்லறை எண்ணிக்கொண்டு கேட்டாள்:
"பரீட்சையில் ரோப் வந்துச்சா, வுர்யானி?"
வந்தது என்றேன்.
"எவ்வளவு உயரம்?" என்று சிரித்தாள்.

ஐந்து மதிப்பெண்.