அடைப்புக்குறி

ரோஸ் பெங்கால் ஊற்றினால் உயிரோடு இருந்ததெல்லாம் சிவக்கும்.
மணல் சிவக்காது.
தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த இரண்டு வாளி மணலை
காரைக்குடி செக்காலை ரோட்டு வாடகை அறையில்
அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி
பதினைந்து புழு எடுத்தேன்.
கண் கிடையாது. கணுவுக்குக் கணு இருபுறமும்
மீசை அரும்புகிற பையனுக்குப் போல நாலைந்து முடி.
அந்த முடிதான் குலம் சொல்லும்.

வாளி கொண்டுவந்த சேகு நைனா
தூண்டில்காரர்களுக்கு இரை தோண்டி விற்பவர்.
"ஊசிச்சாரைம்போம் இதை.
கெழங்கா நல்லாக் கடிக்கும். ஒங்களுக்கு எதுக்கு?"
பேர் வைக்க, என்றேன்.
"அதான் இருக்கே" என்று
ஐந்தரை வண்டியைப் பிடிக்க ஓடினார்.

இன்னொன்றும் இருக்கிறது.
நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்
கப்பலில் வந்த டென்மார்க் வைத்தியர் ஒருவர்
ஒரே ஒரு புழுவைப் பார்த்து,
அதுவும் பின்பாதி அறுந்தது,
ஒரு பேரினத்தில் சேர்த்துவிட்டுப் போனார்.
லத்தீனில் மணல்வாசி. அது சரி.
சேர்த்த வீடுதான் இடிக்கிறது.
கொக்கிமுடிக்கு ஒற்றைப் பல் என்று எழுதியிருக்கிறார்.
நான் பார்த்த பதினான்கிலும் இரட்டைப் பல்.
ஒன்று மட்டும் மணற்குழாயை விட்டு வரவில்லை,
அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

எங்கள் பக்கம் அறிமுகமே இப்படித்தான்.
எந்த ஊர்? எந்தக் கோவில்?
மாத்தூர் என்றால், மணலூரா மண்ணூரா?
ஒன்பது கோவில், அதற்குள் பிரிவு, அதற்குள் வீடு,
மூன்று எழுத்தாய்ச் சுருங்கிய முன்னோர் முன்னால் நடக்க
கடைசியில் ஆள்.
கல்லூரியில் வகைப்பாட்டியல் தாளில்
எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

நான் பள்ளத்தூருக்குப் பிள்ளை வந்தவன்.
தேவகோட்டையில் பதினோரு மாதம் வயிரவன்,
பிறகு அடைக்கப்பன்.
புள்ளி மாறியது. எழுத்து மாறியது.
லத்தீனிலும் வீடு மாறினால் பெயரின் வால் திரும்பவேண்டும்,
பெயரடையாக இருந்தால்.
மணல்வாசி பெயர்ச்சொல். திரும்பாது.

விதி ஒன்று உண்டு.
இனத்தை வேறு பேரினத்துக்குக் கொண்டுபோனாலும்
முதலில் பெயரிட்டவரை அழிக்கக் கூடாது.
அடைப்புக்குறிக்குள் வைக்கவேண்டும், ஆண்டோடு.
மாற்றிவைத்தவன் பெயர் தேவையில்லை.
ஆக, வைத்தியர் குறிக்குள் இருப்பார்.
நான் எங்கேயும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பங்குனியில் தேவகோட்டையிலிருந்து போன்.
பெற்றவர் போய்விட்டார்.
மாலை எந்த அளவில் வாங்குவது என்று தெரியாமல்
பூக்கடையில் வெகுநேரம் நின்றேன்.
கொள்ளி தம்பி வைத்தான்.
கூட்டத்தில் யாரோ, "இவர் யாரு?"
"மூத்தவுக" என்றார் ஒருவர்.
பிறகு குரலை இறக்கி,
"பிள்ளை போனவுக."

தலைமுழுகிய ஈரம் காயாமல் அறைக்கு வந்தேன்.
குப்பிக்குள் போடும் சீட்டுக்குப் பேனா ஆகாது,
சாராயத்தில் கரைந்துவிடும்.
பென்சிலால் புதுவீட்டுப் பெயர், மணல்வாசி,
இந்தப்பக்கம் ஒரு வளைவு, வைத்தியர், ஆண்டு,
அந்தப்பக்கம் ஒரு வளைவு.
தூக்கம் வராததால்
ஒதுக்கிவைத்த பதினைந்தாவதைக் குழாயிலிருந்து உரித்து
கிளிசரினில் கிடத்தி, நானூறு மடங்கு.

ஒற்றைப் பல்.

மறுபடி பார்த்தேன். பக்கத்துக் கணுவையும் பார்த்தேன்.
தேய்ந்ததா?
தேய்ந்திருந்தால் ஒரு தழும்பாவது தெரியுமே.
அந்த மனிதர் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்.
அவர் புழு அவர் வைத்த வீட்டிலேயே இருக்கிறது,
குறி எதுவும் இல்லாமல்.
என் பதினான்குக்குத்தான்
இப்போது வீடு தெரியவில்லை, பெயரும் இல்லை.
ஊசிச்சாரை தவிர.

ரப்பரால் இரண்டு வளைவையும் அழித்தேன்.
தாளில் தடம் போகவில்லை.

விடிந்ததும் சேகு நைனாவுக்குப் போன்.
இன்னும் ரெண்டு வாளி வேணும்.
"எந்த எடத்துல?"
அதே இடம்.
"அலை அதை அங்கனயேவா வச்சிருக்கும்?" என்றார்.