ருசு

எங்கள் லைனிலிருந்து இரண்டு பேரை
மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புகிறார்கள்.
ஒருத்தி நான்.
வயர் முனையில் கிளிப் மாட்ட
எனக்கு ஒன்பது நொடி போதும், அதனால்.

விசா பாரத்தில் வீட்டு முகவரி கேட்ட இடத்தில்
மளமளவென்று எழுதிவிட்டேன்.
"தீனிக்கி ருஜுவு?" என்றார் எச்.ஆர். ஸ்வப்னா.
செக்போஸ்ட்டைத் தாண்டி ஊத்துக்கோட்டைக்குள் போனால்
அதையே ருசு என்பார்கள்.
இரண்டில் ஒன்றும் என்னிடம் இல்லை.

கரண்ட் பில் தெலுங்கில் வருகிறது,
வேங்கடராயலு பெயருக்கு.
அவரிடம்தான் அப்பா வீட்டை வாங்கினார்,
இருபது ரூபாய்ப் பத்திரத்தில், ஒரு கைநாட்டில்.
அவர் செத்துப் பதினோரு வருடம்.
இன்னும் எங்கள் ஃபேன் சுற்றுவதற்கெல்லாம்
மாதாமாதம் அவர்தான் பொறுப்பு.

பாஸ்போர்ட்டில் சித்தூர் மாவட்டம்.
ரேஷன் கார்டில் திருப்பதி மாவட்டம்.
நடுவில் ஒரு ஏப்ரலில்,
நான் இரவு ஷிஃப்டில் இருந்தபோது,
மாவட்டம் வீடு மாறிப் போயிருந்தது.
காலையில் வந்து பார்த்தேன்.
முருங்கை நின்ற இடத்தில் நின்றது.
சமையலறை அதே மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் தேசம்மாள்.
ஆதாரில் தேசம்மா.
தமிழிலிருந்து தெலுங்குக்குப் போகிற வழியில்
ஒரு ள் மட்டும்
செக்போஸ்ட்டில் இறங்கிக்கொண்டது.
"இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?"
சென்னைக் கவுன்ட்டரில் அந்தப் பையன்
கிண்டலாகக் கேட்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் வி.ஆர்.ஓ. வாசலில் நின்றேன்.
"கன்னியப்பன் பொண்ணுதானே, உன்னைத் தெரியாதா எனக்கு?
தெரியறது வேற. எழுதித் தர்றது வேற."
காபி கொடுக்கச் சொன்னார் வீட்டம்மாவிடம்.
குடித்துவிட்டு வந்தேன்.

அரிசி டிரம்முக்கு அடியில்
அம்மா ஒளித்து வைத்திருந்தாள் அதை.
என் பெயரில் எடுத்த கிரைண்டர் லோன்,
இரண்டு தவணை பாக்கி,
பதிவுத் தபாலில் வந்த நோட்டீஸ்.

செல்வி க. தேசம்மாள்.
ள் இருந்தது.
கதவு எண் 3-41/ஏ,
தண்ணீர் டேங்குக்கு எதிர்ச் சந்து,
இடது கை மூன்றாம் வீடு, பச்சை கேட்,
திருப்பதி (முன்பு சித்தூர்) மாவட்டம்.

பிறந்ததிலிருந்து யாரும் என்னை
இவ்வளவு சரியாக எழுதியதில்லை.
கடன் கொடுத்தவன்
என் வீட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

தொகை தெரியாதபடி மடித்து நீட்டினேன்.
பையன் பிரித்தான். தொகையைப் படித்தான்.
ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு பச்சை மையில் ஒரு டிக்.

அடுத்த தாளில், அங்கே தங்கப்போகும் முகவரி.
ஏழு இலக்க எண், கம்பெனி விடுதி, அறை 208.
அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட
எனக்குத் தெரியாது.
அதற்கு யாரும் ருசு கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கூரியர்காரர் போன் செய்தார்.
"அக்கா, மேப்பு என்னை வயலுக்குள்ள இறக்கிவிட்டுச்சு.
உங்க வீடு எங்கதான் இருக்கு?"
டேங்க் சொன்னேன். பச்சை கேட் சொன்னேன்.
எந்த டேங்க் என்றார்.
"திரும்பி செக்போஸ்ட்டுக்கே போயிடுங்க.
நானே வரேன்."

நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு ஓடினேன்.
கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"நீங்கதான்னு ஏதாவது ப்ரூஃப்?"
ஆதாரை நீட்டினேன், ள் இல்லாததை.
கவரின் மேல் ள் இருந்தது.
நல்ல வெயில்.
அவர் எழுத்துக்கூட்டிப் பார்க்கவில்லை.