பதினேழாவது பத்தி

தன்னுடலே தன்னைத் தாக்கும் நோய்: உண்டா, இல்லையா.
நான் நிரப்பும் அட்டவணையில் அது பதினேழாவது பத்தி.
வாய்ப்புற்றுக்குத் தனிப் பத்தி கிடையாது;
இந்த அறைக்கு வரும் கோப்பெல்லாம் அதுதான்.
பிங்துங்கில் லாரி ஓட்டுகிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள்,
கன்னத்தில் பாக்கை ஒதுக்கியே வெயிலைக் கடந்தவர்கள்.
பதினேழில் பெரும்பாலும் 'இல்லை'.
விரல் பார்க்காமலே அழுத்தும்.

காங் யுவே-ஓ, அறுபத்தொன்று.
நெடுஞ்சாலையோரக் கண்ணாடிக் கடையில்
பாக்கைப் பிளந்து சுண்ணாம்பு வைத்தவர்.
முடக்குவாதம், இருபது வருடம்.
மூட்டைக் கடிக்கும் காவல் நாய்களைத்
தூங்கவைக்க வாராவாரம் மாத்திரை.
நாய்கள் தூங்கிய ராத்திரியிலா
நாக்கோரமாக ஏறிக் குதித்தது அது?
டாக்டர் லியாவிடம் கேட்டேன்.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
அதற்குத்தானே உன் பத்தி."

பாதி நாக்கை எடுத்த மறுநாள்
எல்லோருக்கும் தருவதுபோல் அவருக்கும் தந்தார்கள்
சின்ன வெள்ளைப் பலகை, நீலப் பேனா.
பேனா போர்வைக்குள் உருண்டது.
கொக்கியாய் வளைந்த விரல்கள்
அதைத் தேடக்கூட இல்லை.
ஒப்புதல் வாங்கப் போன நான்
பலகையோடு நின்றேன், மரம் மாதிரி.
அவரே கட்டில் கம்பியில் மணிக்கட்டால் தட்டிக் காட்டினார்:
ஒன்று, ஆம்.
இரண்டு, இல்லை.

பத்தாம் மாதம், கழுத்தில் மறுபடி.
இனி நாய்களை எழுப்பும் மருந்துதான் என்றார் லியா.
எழுந்தவை திருடனை மட்டும் கவ்வும் என்று
யாரும் எழுதித் தர முடியாது.
மகன் வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒரே ஒரு தட்டு.
கம்பி அதிர்ந்தது ரொம்ப நேரம்.

கழுத்து கொஞ்சம் அடங்கியது.
முழங்கால்கள் பூசணியாய் வீங்கின.

போன வாரம் ஆய்வு முடிந்தது.
'உண்டு' மொத்தம் முப்பத்தொரு பேர்.
வேறுபாடு சொல்ல எண்ணிக்கை போதாதாம்.

ஆறு மாதத்துக்கொரு முறை நான் போன் செய்ய வேண்டும்.
கேள்வி ஒன்றுதான்: உயிரோடு இருக்கிறாரா.
அதை மகனிடம் எத்தனை விதமாகச் சுற்றிக் கேட்பது?
அவர் போனை அம்மா பக்கம் வைத்துவிட்டார்.
பின்னால் டிவியில் பேஸ்பால், யாரோ ஓடுகிறார்கள்.
டக்.
இருபத்திரண்டாம் பத்தியில் தேதி போட்டேன்.
வைக்கப் போகையில்
டக், டக், டக்.
மூன்றுக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாதே?
மகன் சிரித்தார்:
"சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்."

வயிற்றுக் குழாயில் பால் இறங்குகிறவர்.
இங்கே மணி இரண்டேகால்,
டப்பா திறக்காமல் கிடக்கிறது.
ரிசீவரை மேஜையருகே பிடித்து
இரண்டு முறை தட்டினேன்.