பதினேழு சதவீதம்

எட்டாம் வகுப்புக்குப் பிறகு
தலைக்கு நான் எண்ணெய் வைத்ததில்லை.
யாரும் நம்புவதில்லை.

காலை ஆறுக்கு அலசி, காயவைத்து,
கோட்டூர் பஸ் ஏறினால்
பத்தரைக்குள் வகிடு மினுங்கும்.
மதியத்துக்குள் முன்மயிர்
காற்றில் சாய்ந்த குறுவைப் பயிராக
நெற்றியில் படுத்துவிடும்.

என் வேலை ஈரம் பார்ப்பது.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டு மூடினால்
எண் வரும்.
பதினேழுக்குள் என்றால் மூட்டை கட்டலாம்.
பதினேழு புள்ளி எட்டு என்றால்
திரும்பவும் தார்ச்சாலையில் விரிக்க வேண்டும்,
வானத்தைப் பார்த்தபடி.
புரட்டாசி மழைக்குப் புள்ளிக்கணக்கு தெரியாது.

தூற்றும் இயந்திரம் ஓடும்போது
களமெங்கும் சொங்கும் தூசியும்.
எண்ணெய் தடவிக்கொண்டு மண்ணில் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
என்னிடம் எல்லாமே ஒட்டுகிறது.
புரள வேண்டாம்,
நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

"தையல்நாயகி, ஒங்க தலைக்கு எவ்வளவு காட்டுது?"
கருவியைக் காட்டிக் கேட்டார் வைரக்கண்ணு.
வரிசை முழுக்கச் சிரித்தது, நானும்.
அன்று அவர் நெல் பத்தொன்பது.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில் வாடகை அறை.
போர்வெல் தண்ணீர்.
கடல் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிய ருசி.
ஷாம்பு நுரைக்காது,
அரப்பு காதோரம் பச்சையாகத் தங்கும்.
வெந்தயம் அரைத்துப் பூசினேன்,
கொழகொழவென்று அதுவே இன்னொரு பிசுக்கு.
கடலை மாவு தேய்த்த அன்று
பஸ்ஸில் ஒரு பையன் "பஜ்ஜி வாசம்" என்றான்.
அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.
பவுடரை வகிட்டில் தூவிப்போன நாள்
"இந்த வயசுலயே நரையா?" என்றார் கண்காணிப்பாளர்,
உண்மையான வருத்தத்தோடு.

சீர்காழியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
கட்டிலில் என் தலையணை உறையைப் பார்த்தார்கள்.
உச்சந்தலையின் வரைபடம் அதில் அப்படியே.
பெண்ணுக்குச் சுத்தம் போதாது என்று
போனில் சொன்னார்கள்.
அன்று மாலையே தலைமுழுகினேன்.
தலையை அல்ல.

சூசைமாணிக்கம் மூட்டை தூக்குகிறவன்.
என் வயதுதான்.
முடி காய்ந்த வைக்கோல்,
உச்சியில் சாக்கு தேய்த்த வட்டம்.
எண்ணெய் வைத்தால் மூட்டை வழுக்கும்,
நாற்பது கிலோ வழுக்கினால் கழுத்து போகும்.
ஒருநாள் மழைக்குத் தார்ப்பாய் அடியில் ஒதுங்கியபோது
என் தலையையே பார்த்திருந்துவிட்டு,
"ஒனக்கு ஊறுறதுல பாதிய எனக்குக் குடேன்" என்றான்.
கேலி இல்லை.
நூற்றெண்பது மூட்டை தூக்கிய குரல்.
என் தலையிலிருந்து எதையும்
யாரும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் வேலை முடிந்து வாய்க்காலுக்குப் போனேன்.
மேட்டூரிலிருந்து நடந்து வந்து
கடைமடையில் மூச்சு வாங்கும் தண்ணீர்,
கலங்கல், உப்பில்லாதது.
வயலுக்குப் போகிறதாயிற்றே என்று
வாளியில் மொண்டு கரைமேல் நின்று அலசினேன்.
ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் பாதிக்கே
நுரை கண்ணை மறைத்தது.

இறைத்த கிணறு ஊறும்.
பத்து வருடமாகத் தினமும் இறைத்திருக்கிறேன்.
அடுத்த நாள் அலசவில்லை.
அதற்கடுத்த நாளும்.
மினுங்கியது. மினுங்கட்டும்.
பின்னி, கொண்டை போட்டு, ஒரு துண்டு கட்டிக்கொண்டேன்.
துண்டு சூசைமாணிக்கத்தினுடையது இல்லை,
நீங்கள் நினைப்பது தெரிகிறது.

நாலாம் நாள் வைரக்கண்ணு
அதே நெல்லோடு வந்தார்.
அவர் மூட்டை அவிழ்க்கும்போது
துண்டை மீறி வந்த என் முன்மயிரில்
ஒரு நெல் ஒட்டியிருந்தது,
காலையில் விரித்தபோது தெறித்ததாக இருக்கும்.
எடுத்து, கருவியில் போடாமல்
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

டக்கென்றது.