ஐந்தரை மணி நேரம்

எஸ்.பி. ரோட்டில் பதினான்காயிரத்துக்கு வாங்கினோம்,
ஆளுக்கு ஏழு.
மூடியில் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து எண்
சுரண்டியும் போகவில்லை.
மடிவாளாவில் எங்கள் அறையில்
கட்டில் ஒன்று, மின்விசிறி ஒன்று, சாவி ஒன்று.
அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களை இரவெல்லாம் சரிபார்த்துவிட்டு
தில்ஷாத் எழுந்த கட்டிலில் நான் படுப்பேன்.
தலையணை உறை மட்டும் தனித்தனி.

எனக்கு விண்டோஸ் வேண்டும்,
பேக்கரிக்காரர் கணக்கு டேலியில்தான் நிற்கும்.
அவளுக்கு லினக்ஸ்.
சர்வர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள்,
கறுப்புத் திரையில் எதையோ கேட்டு
எதையோ வாங்குகிறாள்.
"ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு, அவ்வளவுதான்" என்றாள்.
வாணியம்பாடியில் அவள் அத்தைமார் அப்படித்தானாம்,
பத்து வருஷமாக, பேச்சில்லாமல்.

பென்டிரைவ் ஒன்றுதான் இருந்தது,
அதில் என் அக்காவின் கல்யாண வீடியோ.
அதை அழித்தால்தான் இதை ஏற்ற முடியும்.
ஃபோனுக்கு மாற்றினோம், இடம் போதவில்லை.
தாலி கட்டியதை வைத்துக்கொண்டு
பந்தியை விட்டுவிட்டோம்.
மூன்றாம் முறை பாயசம் கேட்ட சித்தப்பா
அத்தோடு போனார்.

அப்புறம் பாகப்பிரிவினை.
இருநூற்று நாற்பதில் பாதி கேட்டாள்.
எழுபதுக்கு மேல் விடமாட்டேன் என்றது விண்டோஸ்;
நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று இருக்கிறதாம்.
எந்தப் பாகப்பிரிவினையிலும்
இடத்தைவிட்டு எழுந்திருக்காத ஒரு பெரியப்பா உண்டு.
"எழுபது போதும், நான் என்ன படமா பாக்கப் போறேன்?"

திரும்பப் பெற முடியாது, தொடரவா?
முப்பத்தெட்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி இருபது நிமிடம் தாங்கும்
என்பது கடைக்காரன் வாக்கு.
இருட்டில் எங்கள் முகங்களில் ஒரு நீலப் பட்டை
ஊர்ந்துகொண்டிருந்தது.
அவள் வாய்க்குள் ஏதோ ஓதினாள்.
நான் நகம் கடித்தேன்.
பத்தொன்பதாவது நிமிடம்
கீழ்வீட்டுப் பிள்ளைகள் "பந்து! பந்து!" என்று கத்தினார்கள்.
விளையாட்டில்லை. கன்னடத்தில் 'வந்தாச்சு'.

அன்றிலிருந்து, தொடங்கும்போதெல்லாம்
இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று.
பத்து நொடி.
தொடாவிட்டால் அவளுடையது திறக்கும்.
ஒன்று விழித்திருக்கும்போது
மற்றது தூங்குவதுகூட இல்லை,
இல்லவே இல்லை.

மூன்றாம் நாள் கேப் இறக்கிவிட்டபோது மணி ஐந்து பத்து.
அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினாள்.
லேப்டாப் சொன்னது: நேற்று, இரவு பதினொன்று நாற்பது.
கவனிக்காமல், விடிகாலை நாலுக்கு இறங்கிய மாவு மூட்டைகளை
நேற்றைய தேதியில் ஏற்றிவிட்டேன்.
"வராத மாவுக்கு நேத்தே பில்லா?"
ஃபோனில் பேக்கரிக்காரர்.

பல் தேய்த்துக்கொண்டே விளக்கினாள்:
அவளுடையது கடிகாரத்தை கிரீன்விச் நேரமாக எழுதி வைக்குமாம்,
என்னுடையது அதை பெங்களூர் நேரம் என்றே படிக்குமாம்.
எதுவும் பொய் சொல்லவில்லை,
நடுவில் ஐந்தரை மணி நேரம்.
ஒரே ஒரு வரி தட்டினாள், சரியாகிவிட்டது.

நான் அவளிடம் சொல்லவில்லை.
பதினொன்று நாற்பது என்று பார்த்த அந்த நிமிடம்,
இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த நேரத்துக்குள்
செருப்போடு நுழைந்துவிட்டது போலிருந்தது.
விசைகளில் அவள் விரல்களின் சூடுகூட...
இல்லை, அது நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய்.

ஞாயிறு இருவருக்கும் விடுமுறை.
பத்தை முப்பதாக்கியிருக்கிறாள்.
"ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா உன் கை ஸ்லோ, கோதை."
முப்பதிலிருந்து இறங்குகிறது.
அவள் முட்டை உரிக்கிறாள்.
கீழ் அம்பு என் விரலுக்கு எட்டும் தூரம்தான்.
பன்னிரண்டு. பதினொன்று.
"உப்பை எங்க வச்ச?" என்கிறாள்.

எழுந்து போகிறேன்.