விற்பதற்கான காரணம்

வாய்க்கால் தாண்டினால் கேரளம்.
எங்கள் தென்னையின் நெற்று
அப்புக்குட்டன் கரையில் விழும்.
அவர் வீட்டுக் கோழி
எங்கள் கட்டுத்தரையில் முட்டையிடும்.
காட்டுப்பன்றி
இந்தப் பக்கம் கடலைக்கொடியைக் கிளறிவிட்டு
அக்கட்டால போய் மரவள்ளி தின்னும்.
எதற்கும் காகிதம் கிடையாது.

துப்பாக்கிக்கு மட்டும் உண்டு.

பொள்ளாச்சித் தாலுகா ஆபீஸ் எதிரில்
டைப் அடிக்கும் அமலோற்பவம் சொன்னாள்:
"அடுத்த தோட்டம்னாலும் அடுத்த மாநிலமுங்க.
கையில குடுத்துக் கையில வாங்கினா
ரெண்டு பேருக்கும் கேசு.
அவருக்கு அவங்க ஊரு லைசென்ஸ் இருக்கோணும்.
அதுல இந்த மாதிரித் துப்பாக்கின்னு எழுதியிருக்கோணும்.
அந்தக் கலெக்டர் தடையில்லைன்னு சொல்லோணும்.
நம்ம கலெக்டருக்கு நாம முன்கூட்டி எழுதோணும்.
எழுதி நாப்பத்தஞ்சு நாள் பொறுக்கோணும்."
கார்பன் தாளைச் சொருகினாள்.
"பேரு?"

இருபத்தாறு வருசமாய் என் வாயில் வராத பெயரை
அவரே சொன்னார்: நாட்ராயன்.
தகப்பன் பெயர். சர்வே நம்பர்.
ஒற்றைக்குழல். பன்னிரண்டு போர்.
எங்கள் தோட்டத்தில் போர் மூன்றுதான்;
மூன்றிலும் புழுதி.

"விற்பதற்கான காரணம்?"

சர்க்கார் அரை அங்குலம் இடம் விட்டிருந்தது.

வெள்ளை ஈ அடைந்து கருத்த மட்டைகள்
அதற்குள் அடங்காது.
பைனான்ஸ்காரன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன கட்டில்
அடங்காது.
ஆனி மாசத்து ராத்திரி ஒன்றில்
மோட்டார் ரூமுக்குப் போனவர்
விளக்குப் போடாமல் வெகுநேரம் இருந்தது

"பராமரிக்க முடியலைன்னு போடட்டுங்களா?"
"போடுங்" என்றார்.
அதுவும் பொய்யில்லை.

நாற்பத்தைந்து நாளும்
கோயமுத்தூர்க் கடையில் ஒப்படைத்து வைக்கலாம் என்றது நான்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.
உறையில் போட்டார். லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்தார்.

கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார்.
"வாங்கினது இருவத்தஞ்சு. சுட்டது பதினஞ்சு. பாக்கி பத்து."
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.
"ஒம்பதுதானுங்க இருக்குது."

இவர் காலண்டரைப் பார்த்தார்.
நான் முந்தி முடிச்சை அவிழ்த்தேன்.
சில்லறையோடு சில்லறையாக
சிவப்பு உடம்பும் பித்தளை அடியுமாய் அது.

அந்த ராத்திரிக்கு மறுநாள்
ஊறவைக்க எடுத்த சட்டைப்பையில் கிடந்தது.
துவைக்கிற கல்லில் வைத்துக்கொண்டு
குழாயை மூட மறந்து நின்றிருந்தேன்.
தண்ணி வீணாப் போகுதென்று
வீட்டுக்குள்ளிருந்து வைதார்.

கண்ணாடி மேசையில் அது உருண்டது.
கடைக்காரர் விரல் வைத்து நிறுத்தினார்.
"பத்து. கணக்குச் சரி."

கிணத்துக்கடவு வரைக்கும் பஸ்ஸில் பேச்சில்லை.
அப்புறம்,
"எப்ப இருந்து தெரியும்?"
"சட்டை தொவைச்ச அன்னைக்கு இருந்துங்க."
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி
அது நூலாகிவிட்டது.

இன்றைக்கு இருபத்தொன்றாம் நாள்.
நேற்று ராத்திரி பன்றி வந்தது.
ஐந்து பாத்திக் கடலை போச்சு.
அந்தக் கரையில் டார்ச் அடித்தபடி அப்புக்குட்டன்,
"நாட்ராயேட்டா, இனி எத்ர திவசம்?" என்று கூப்பிட்டார்.
இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே
"இருவத்தி அஞ்சு!" என்று கத்தினார்.
நாய்கள் இரு மாநிலத்திலும் குரைத்தன.
இரண்டு கலெக்டர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
பன்றி வாய்க்காலில் இறங்கி,
அவசரமில்லாமல் கரையேறிப் போனது.

அவர் வந்து கால் கழுவினார்.
"மோர் சித்தெ இருக்குதா?" என்றார்.